மூளைக் கட்டியைத் தேடிப் போகும் குருத்தணுக்கள்

1928-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி, சக மருத்துவர்களைத் திகைக்க வைத்த ஓர் அறிக்கையை வெளியிட்டார். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி வளர்ந்து, அதனால் உடலின் இடப்பக்கம் ஏற்கெனவே செயலிழந்துவிட்ட சில நோயாளிகளுக்கு, வலப்பக்கப் பெருமூளை முழுவதையும் அவர் அகற்றியிருந்தார். பாதி மூளையையே எடுத்துவிட்டால் கட்டிக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்காது என்பது அவருடைய எண்ணம்.

எண்ணம் பலிக்கவில்லை. எஞ்சியிருந்த மூளையிலும் கட்டி மீண்டும் தலைகாட்டியது.

அப்படியானால் கட்டியின் உயிரணுக்கள், அறுவைக்கு முன்பே வெகுதூரம் நகர்ந்து போயிருக்க வேண்டும். மூளைக் கட்டியைக் குணப்படுத்துவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே முதல் விடை. மாணவர்களே, இந்த வாரம் நாம் கேட்கப் போகும் கேள்வி இதுதான்: இப்படி ஓடி ஒளியும் உயிரணுக்களைத் துரத்திப் போகக்கூடிய வேறு உயிரணுக்கள் நம் மூளைக்குள்ளேயே இருக்கின்றனவா?

எந்த உயிரணு கட்டியாகிறது?

உயிரணுப் பிரிவு பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பிரிவைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் பழுதடைந்தால், ஓர் உயிரணு நிறுத்தமே இல்லாமல் பிரிந்துகொண்டே போகும். அதன் விளைவே கட்டி.

மூளை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நரம்பணுக்கள். ஆனால் முதிர்ந்த நரம்பணுக்கள் பொதுவாகப் பிரிவதில்லை. அவற்றைச் சுற்றி, அவற்றுக்கு ஊட்டமும் பாதுகாப்பும் தரும் துணை உயிரணுக்கள் இருக்கின்றன. இவற்றுக்குக் 'கிளையா' என்று பெயர். கிளையா வகையைச் சார்ந்த கட்டிகள் 'கிளையோமா' எனப்படும். அவற்றில் மிகக் கொடியது 'கிளையோபிளாஸ்டோமா'.

கிளையோபிளாஸ்டோமா பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களையே தாக்குகிறது. அறுவைச் சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை, டெமோசோலோமைட் என்னும் மருந்து ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது 2005-க்குப் பிறகு வழக்கமாயிற்று. அதற்கு வழிவகுத்த ஆய்வில், மூன்றையும் பெற்ற நோயாளிகளில் பாதிப் பேரே ஏறக்குறைய 15 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள்.

இன்னொரு தடையும் உண்டு. இரத்தத்தில் கலந்துவரும் பொருள்கள் எல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டு ஒரு வேலிபோல் நிற்கின்றன. நச்சுப் பொருள்களைத் தடுக்கும் இந்த வேலி, நாம் கொடுக்கும் மருந்துகள் பலவற்றையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது.

மூளையில் புதிய உயிரணு பிறக்குமா?

நரம்பியலின் முன்னோடியும் 1906-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவருமான ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாண்டியாகோ ரமோன் இ கஹால், வளர்ந்த மனிதரின் மூளையில் இறந்த நரம்பணு இறந்ததுதான், புதியது பிறக்காது என்று எழுதினார். பல பத்தாண்டுகளுக்கு இதுவே பாடமாக இருந்தது.

1960-களில் ஜோசப் ஆல்ட்மன் என்பவர் வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதைக் கண்டார். அன்று அதைப் பெரிதாக மதித்தவர்கள் குறைவு. 1992-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பிரெண்ட் ரெனால்ட்ஸ், சாமுவேல் வைஸ் இருவரும் வளர்ந்த எலியின் மூளையிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். அவை பிரிந்து பெருகியதோடு, நரம்பணுக்களாகவும் துணை உயிரணுக்களாகவும் மாறின. இவையே நரம்புக் குருத்தணுக்கள்.

குருத்தணு என்றால் என்ன? வாழையின் குருத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குருத்திலிருந்து இலை விரிகிறது. குருத்தும் தொடர்ந்து இருக்கிறது. அதுபோல ஒரு குருத்தணு பிரியும்போது தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவையும் உண்டாக்க முடியும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கான உயிரணுவையும் உண்டாக்க முடியும். 'ஸ்டெம் செல்' என்று செய்திகளில் நீங்கள் கேள்விப்படுவது இதைத்தான்.

மனிதரைப் பற்றிய முதல் சான்று 1998-இல் வந்தது. அந்தச் சான்றைத் தந்தவர்கள் புற்றுநோயாளிகள். பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களில் மட்டும் பதியக்கூடிய ஒரு வேதிப்பொருள், அவர்களுடைய நோயின் தன்மையை அறிவதற்காக அவர்கள் உடலில் செலுத்தப்பட்டிருந்தது. அவர்கள் இறந்த பிறகு, ஐந்து பேரின் மூளையை சுவீடன், அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில், அந்த அடையாளம் பதிந்த இளம் நரம்பணுக்கள் இருந்தன.

எலியின் மூளையில் இக்குருத்தணுக்களின் முக்கிய இருப்பிடம், மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் அறைகளின் சுவர். அங்கே பிறக்கும் இளம் உயிரணுக்கள் வரிசையாக நகர்ந்து, மணத்தை உணரும் பகுதிக்குப் போய்ச் சேருகின்றன. மனிதரிடம், அதிலும் வளர்ந்தவரிடம், இந்தப் பிறப்பு எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்றும் அறிவியலாளர்களிடையே விவாதப் பொருள்தான். ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த உயிரணுக்கள் பிறந்த இடத்திலேயே இருப்பவை அல்ல, பயணம் செய்யப் பழகியவை.

பாஸ்டன் சோதனை: நீலத் தடம்

2000-ஆம் ஆண்டில் கேரன் அபூடி, இவான் ஸ்னைடர் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். மூளைக் கட்டி உள்ள எலிகளின் மூளைக்குள் அவர்கள் நரம்புக் குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். பின்னால் அடையாளம் காண்பதற்காக, வேதிப்பொருள் பட்டால் நீல நிறமாக மாறும்படி அந்தக் குருத்தணுக்கள் முன்கூட்டியே தயார் செய்யப்பட்டிருந்தன.

குருத்தணுக்களைக் கட்டிக்குள் வைத்தபோது, அவை கட்டி முழுவதும் பரவின. கட்டியிலிருந்து பிரிந்து நல்ல மூளைத் திசுவுக்குள் ஓடிக்கொண்டிருந்த புற்றணுக்களின் பின்னாலும் போயிருந்தன. கட்டிக்கு எதிர்ப்புறத்தில், மூளையின் மறு பாதியில் வைத்தபோதும், அவை நடுக்கோட்டைக் கடந்து கட்டியை வந்தடைந்தன. எலியின் வாலில் உள்ள இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தியபோதுகூட, சில குருத்தணுக்கள் மூளைக் கட்டியில் காணப்பட்டன.

டேண்டியின் கத்தியால் எட்ட முடியாத இடத்திற்கு இவை எட்டியிருந்தன.

வழி காட்டுவது யார்?

டுரியான் பருவத்தில் பசார் மாலாமிற்குப் போயிருக்கிறீர்களா? கடை கண்ணில் படுவதற்கு முன்பே மணம் மூக்கைத் தொட்டுவிடும். மணம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் கடைக்கு முன்னால் போய் நிற்போம்.

குருத்தணுக்களும் ஏறக்குறைய இப்படித்தான் வழி கண்டுபிடிக்கின்றன. கட்டி வேகமாக வளர்வதால் அதன் உட்பகுதிக்கு உயிர்வளி போதுமான அளவு கிடைப்பதில்லை. சுற்றியுள்ள திசுவும் காயப்படுகிறது. கட்டியும் காயப்பட்ட திசுவும் பலவகை வேதிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்று எஸ்டிஎஃப்-1 என்னும் புரதம். குருத்தணுவின் மேற்பரப்பில் இந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சிஎக்ஸ்சிஆர்4. பூட்டுக்குச் சாவிபோல் இவை பொருந்துகின்றன. சமிக்ஞையின் செறிவு கூடும் திசையை நோக்கிக் குருத்தணு நகர்கிறது. இதற்கு வேதித் தூண்டல் நகர்வு என்று பெயர். காயத்தைச் சரிசெய்ய வெள்ளை அணுக்கள் ஓடி வருவதும் இதே முறையில்தான்.

ஆகவே, 'கட்டி வந்துவிட்டது' என்று குருத்தணுவுக்குத் தெரியும் என நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தெரிவது வேதிப்பொருளின் செறிவு மட்டும்தான்.

பெர்லின் சோதனை: வயது செய்யும் வேறுபாடு

பாஸ்டனில் குருத்தணுக்களை வெளியிலிருந்து செலுத்தினார்கள். மூளையில் இயல்பாகவே இருக்கும் குருத்தணுக்கள் என்ன செய்யும்? ஜெர்மனியின் பெர்லின் நகரில் ரெய்னர் கிளாஸ், ஹெல்முட் கெட்டன்மன் ஆகியோரின் குழு இதை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டது. அவர்கள் பயன்படுத்திய எலிகளின் நரம்புக் குருத்தணுக்கள் பச்சையாக ஒளிரக்கூடியவை.

கட்டி வளரத் தொடங்கியதும், மூளை அறைகளின் சுவரிலிருந்து பச்சை உயிரணுக்கள் புறப்பட்டன. வழக்கமான பாதையை விட்டு விலகிக் கட்டியை நோக்கி வந்து, அதைச் சுற்றித் திரண்டன. ஆனால் இது இளம் எலிகளில்தான் நன்றாக நடந்தது. வயது கூடிய எலிகளில் மிகக் குறைவான உயிரணுக்களே வந்தன. அந்த எலிகள் விரைவாகவும் இறந்தன.

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயதான எலி வேறு காரணத்தாலும் விரைவில் இறக்கலாம் அல்லவா? எனவே குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். வயது கூடிய எலிகளில், புற்றணுக்களோடு சேர்த்து நரம்புக் குருத்தணுக்களையும் செலுத்திப் பார்த்தார்கள். அந்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. வயதோடு குறைந்துபோன ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததும் பலன் தெரிந்ததால், குருத்தணுக்களுக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறது என்ற முடிவு வலுப்பெற்றது.

மிளகாயும் மூளைக் கட்டியும்

குருத்தணுக்கள் கட்டியைச் சூழ்ந்துகொண்டு என்ன செய்கின்றன? 2012-இல் அதே ஆய்வுக் குழுவினர் கொடுத்த விடை, நம் சமையலறையோடு தொடர்புடையது.

சிலி பாடியைக் கடித்தால் நாக்கு எரிகிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் பொருள், நரம்பு முனைகளில் உள்ள 'டிஆர்பிவி1' என்ற ஏற்பியைத் தூண்டுவதே காரணம். இதே ஏற்பிதான் சூட்டையும் உணர்கிறது. அதனால்தான் காரத்தைச் 'சூடு' என்று மூளை எண்ணிக்கொள்கிறது. இந்த ஏற்பியை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கொடிய கிளையோமாவின் புற்றணுக்களில் இந்த ஏற்பி மிகுதியாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இளம் மூளையின் குருத்தணுக்கள், இந்த ஏற்பியைத் தூண்டக்கூடிய கொழுப்பு வகை மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. தூண்டுதல் அளவு மீறும்போது, புற்றணுவுக்குள் புரதம் தயாராகும் இடத்தில் நெருக்கடி ஏற்பட்டு அந்த உயிரணு மடிகிறது. வயது கூடும்போது குருத்தணுக்களின் இந்த உதவி மறைந்துவிடுகிறது. ஆனால் இதே ஏற்பியைத் தூண்டும் 'அர்வானில்' என்னும் செயற்கைப் பொருளைக் கொடுத்தபோது, வயது கூடிய எலிகளிலும் கட்டிக்கு எதிரான விளைவு திரும்பியது.

உடனே, "சம்பாலை நிறையச் சாப்பிட்டால் மூளைக் கட்டி வராதா?" என்று கேட்காதீர்கள். நாம் உண்ணும் கேப்சைசின் செரிமானத்தில் சிதைந்து, கல்லீரலில் மாற்றம் அடைந்து, மிகச் சிறிய அளவிலேயே இரத்தத்தில் எஞ்சும். அது கட்டியைக் கொல்லும் செறிவில் மூளையை அடைவதாகச் சான்று எதுவும் இல்லை. ஓர் ஏற்பியைக் கண்டுபிடிப்பது ஒன்று. மருந்து தயாரிப்பது வேறொன்று.

நண்பன் மட்டும்தானா?

இதுவரை படித்ததை வைத்துக் குருத்தணுக்களைக் காவலர்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கதைக்கு மறுபக்கமும் உண்டு.

தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ஜியோங் ஹோவின் குழு, 2018-இல் கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்தது. கட்டியிலிருந்து மட்டுமன்றி, கட்டிக்குத் தொலைவில் நோயின்றித் தெரிந்த மூளை அறைச் சுவரிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. கிளையோபிளாஸ்டோமாவின் பெரும்பான்மை வகையைக் கொண்ட நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம், கட்டியில் இருந்த அதே மரபணுத் திடீர்மாற்றங்களில் சில, அந்தச் சுவரின் உயிரணுக்களிலும் குறைந்த அளவில் காணப்பட்டன. பின்னர் எலிகளின் அறைச் சுவர் உயிரணுக்களில் அத்தகைய மாற்றங்களை உண்டாக்கியபோது, அவை அங்கிருந்து நகர்ந்து, மூளையின் வேறு இடத்தில் கட்டியாயின.

யோசித்துப் பாருங்கள். பிரியும் ஆற்றல், நகரும் ஆற்றல், நீண்ட நாள் வாழும் ஆற்றல் ஆகிய மூன்றும்தான் குருத்தணுவைக் கட்டிவரை கொண்டு செல்கின்றன. மரபணு பழுதடைந்தால், அதே மூன்று ஆற்றல்களும் அதைக் கொடிய கட்டியாக்கிவிடும். டேண்டியைத் தோற்கடித்த அந்த 'ஓடி ஒளியும்' பழக்கம், குருத்தணுவிடமிருந்து வந்த சொத்தாக இருக்கலாம்.

மருந்து சுமக்கும் தபால்காரர்

இந்த நகரும் ஆற்றலை மருத்துவமாக மாற்ற முடியுமா? 2010-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தில் மனிதர்களிடம் முதல் சோதனை தொடங்கியது. கேரன் அபூடியும் அந்தக் குழுவில் இருந்தார். சிகிச்சைக்குப் பின் கட்டி திரும்பி வந்த 15 நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள்.

செயல்முறை இதுதான்:

1. ஆய்வகத்தில் வளர்த்த மனித நரம்புக் குருத்தணுக்களுக்குள், பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு நொதியின் மரபணு சேர்க்கப்பட்டது.
2. அறுவையின்போது அந்தக் குருத்தணுக்கள் மூளைக்குள் செலுத்தப்பட்டன. அவை கட்டியை நோக்கிப் பரவச் சில நாள் விடப்பட்டது.
3. பிறகு நோயாளிகள் 5-எஃப்சி என்னும் மாத்திரையை உட்கொண்டார்கள். இது பூஞ்சை நோய்க்கான மருந்து, மூளையின் வேலியைக் கடக்கக்கூடியது, புற்றணுவைக் கொல்லாது.
4. குருத்தணுவில் உள்ள நொதி, 5-எஃப்சியை 5-எஃப்யு என்னும் புற்றுநோய் மருந்தாக மாற்றியது.

மருந்து உடல் முழுவதும் பரவாமல், கட்டி இருக்கும் இடத்திலேயே தயாராகிறது என்பதுதான் இதன் சிறப்பு. 2017-இல் வெளியான முடிவு, முறை பாதுகாப்பானது என்றும், மூளைக்குள் 5-எஃப்யு உண்மையிலேயே உண்டாயிற்று என்றும், குருத்தணுக்கள் தொலைவிலிருந்த கட்டிப் பகுதிகளுக்கும் போயிருந்தன என்றும் தெரிவித்தது. 2021-இல் வெளியான வேறொரு சோதனையில், புற்றணுக்களைத் தாக்கும் வைரஸைக் குருத்தணுக்கள் சுமந்து சென்றன. அதில் 12 நோயாளிகள் பங்கேற்றார்கள்.

இரண்டுமே முதற்கட்டச் சோதனைகள். முதற்கட்டச் சோதனை கேட்கும் முதன்மைக் கேள்வி 'இது பாதுகாப்பானதா?' என்பதே. 'நோய் குணமாகுமா?' என்பதற்கு விடை காண, மேலும் பெரிய சோதனைகள் வேண்டும்.

அவசரம் ஆபத்து

பாதுகாப்பு பற்றி ஏன் இவ்வளவு கவலை? 2009-இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். அரிய மரபணு நோயால் அவதிப்பட்ட அவனை, ஒன்பது வயதில் பெற்றோர் ரஷ்யாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கு அவனுடைய மூளையிலும் தண்டுவட நீரிலும் கருவிலிருந்து பெறப்பட்ட நரம்புக் குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. முதல் ஊசி போட்டு நான்கு ஆண்டுகள் கழித்து அவனுக்கு மூளைக் கட்டி கண்டறியப்பட்டது. சோதித்தபோது, கட்டியின் உயிரணுக்கள் அவனுடையவை அல்ல. செலுத்தப்பட்ட குருத்தணுக்களிலிருந்து வந்தவை.

அந்தப் பெற்றோர் மகனைக் காப்பாற்றத்தான் போனார்கள். நம் குடும்பத்தில் ஒருவர் நோயுற்றாலும் நாமும் எந்தக் கதவையும் தட்டத் தயாராக இருப்போம். அந்த நேரத்தில் 'ஸ்டெம் செல் சிகிச்சை, முழுக் குணம்' என்று ஒரு விளம்பரம் கைப்பேசியில் வந்தால், இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எலியில் செய்ததா, மனிதரிடம் செய்ததா? எத்தனை பேரிடம் செய்தார்கள்? சுகாதார அமைச்சு அங்கீகரித்ததா? வீட்டில் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் நீங்களாக இருக்கலாம்.

சொல் அறிவோம்

*குருத்தணு:* தன்னையும் பெருக்கி, வேறு வகை உயிரணுக்களையும் உண்டாக்கும் உயிரணு.
*ஏற்பி:* குறிப்பிட்ட வேதிப்பொருளைப் பற்றிக்கொண்டு உயிரணுவுக்குச் செய்தி தரும் புரதம்.
*நொதி:* வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்.
*திடீர்மாற்றம்:* மரபணுவின் அமைப்பில் ஏற்படும் மாற்றம்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. பெர்லின் ஆய்வாளர்கள், கட்டி இல்லாத எலிகளின் குருத்தணுக்களையும் கவனிக்க வேண்டும் என்பது ஏன்?
2. 5-எஃப்யு மருந்தை நேரடியாக இரத்தத்தில் செலுத்துவதைவிட, குருத்தணு மூலம் கட்டியிலேயே தயாரிப்பதால் நோயாளிக்கு என்ன நன்மை?
3. குருத்தணுவின் எந்தப் பண்பு மருத்துவத்திற்கு உதவுகிறது? அதே பண்பு எப்படி ஆபத்தாகலாம்? மூன்று வரிகளில் விளக்குங்கள்.